ஜெயிச்சவங்ககிட்ட என்ன கேட்கிறது? ஒரு பழக்கத்தின் 150 வருஷக் கதை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

எங்களுக்கு வர்ற மெயில்கள்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. தொழில் தொடங்கி ஜெயிச்சவங்க, ஒரு துறையில பெரிய ஆளா இருக்கிறவங்க, இவங்களோட பேட்டிகளைக் கேட்டுக்கிட்டே இருக்கோம். காலையில மெட்ரோவுல ஒண்ணு, ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது ஒண்ணு. கேட்கும்போது உடம்பெல்லாம் சூடாகுது. மறுநாள் ஆபீஸ் போனா பழைய குருடி கதவைத் திறடிதான். இதுல உண்மையிலேயே கத்துக்க ஏதாவது இருக்கா?

இது எங்க பொழைப்பையே தொடுற கேள்வி. அதனால இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்ல. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கலாம். ஜெயிச்சவர்கிட்ட போய் "எப்படி ஜெயிச்சீங்க?"ன்னு கேட்டு, அதை ஊருக்குச் சொல்ற பழக்கம் பாட்காஸ்ட்டோட பொறந்தது இல்ல. ரேடியோவுக்கும் முந்தினது.

காலரா வார்டுல ஒரு வகுப்பறை

1840கள். இங்கிலாந்தோட வடக்குல லீட்ஸ் நகரம். துணி ஆலை, எஞ்சின் பட்டறை, புகை. அங்கே கூலி வேலை செய்யற ரெண்டு மூணு பையன்கள், குளிர்கால ராத்திரிகள்ல ஒருத்தர் வீட்டுல கூடி, ஒருத்தருக்கொருத்தர் எழுதப் படிக்க, கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க. கூட்டம் சேர்ந்தது, வீடு பத்தல. வெயில் காலத்துல ஒரு தோட்டத்துல உட்கார்ந்தாங்க. மழை தூறினா சிலேட்டுல போட்ட கணக்கு அழிஞ்சுபோகும். அப்புறம் அவங்களுக்கு வாடகைக்குக் கிடைச்சது ஒரு பெரிய இருட்டு அறை. கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் அது காலரா நோயாளிகளை வெச்சிருந்த இடம். பயத்துல யாரும் அந்தப் பக்கம் போகாததால குறைஞ்ச வாடகை.

நூறு பேர் வரைக்கும் சேர்ந்ததும் அவங்களுக்கு ஒரு ஆசை. யாராவது பெரியவர் வந்து நம்மகிட்ட கொஞ்சம் பேசினா நல்லா இருக்குமேன்னு. 1845ல அவங்க கூப்பிட்ட ஆள் சாமுவேல் ஸ்மைல்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், டாக்டருக்குப் படிச்சவர், லீட்ஸ்ல பத்திரிகை ஆசிரியரா இருந்தவர், அப்ப வயசு முப்பத்து சொச்சம். அவர் போய் அறிவுரை சொல்றதை விட்டுட்டு, மத்தவங்க என்ன செஞ்சாங்கன்னு கதை சொன்னார். இன்னார் இப்படி இருந்தார், இப்படிப் பாடுபட்டார், இங்க வந்து சேர்ந்தார்.

வருஷங்கள் போச்சு. ஒருநாள் ஒரு ஆள் அவரைப் பார்க்க வந்தார், பட்டறையில இருந்து நேரா வந்த மாதிரி. "அன்னைக்கு நீங்க பேசினதைக் கேட்டவன் நான், இப்ப எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்யறாங்க"ங்கிற அர்த்தத்துல ஏதோ சொல்லிட்டுப் போனார். அந்தச் சந்திப்புக்கு அப்புறம்தான் இதைப் புத்தகமா எழுதலாம்னு ஸ்மைல்ஸுக்குத் தோணியிருக்கு.

இடையில இன்னொரு வேலையும் நடந்தது. ஸ்மைல்ஸ் ரயில்வே கம்பெனியில செயலாளர் ஆயிட்டார். நீராவி ரயிலோட பெரிய பெயரான ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் 1848ல இறந்துபோனார். அவர் வாழ்க்கையை எழுதணும்னு ஸ்மைல்ஸ் அவர் மகன் ராபர்ட்டைப் போய்ப் பார்த்தார். ராபர்ட்டுக்கு நம்பிக்கையே இல்ல. ஜனங்களுக்கு ரயில் வேணும், அதை யார் போட்டான், எப்படிப் போட்டான்னு யார் கவலைப்படப் போறாங்கங்கிறது அவர் நினைப்பு. ஸ்மைல்ஸ் விடல. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கே போய், ஜார்ஜோட கூட வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடிப்பிடிச்சுப் பேசினார். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாப் படுது. ஜெயிச்ச ஆளைப் பத்தி, அவரோட மண்ணுல நின்னவங்ககிட்ட கேட்கிறார். 1857ல வந்த அந்தப் புத்தகம் நல்லா வித்தது.

அடுத்தது 'செல்ஃப் ஹெல்ப்'. ஒரு பதிப்பாளர் 1855ல வேண்டாம்னு சொன்ன கைப்பிரதி, 1859 நவம்பர்ல ஜான் மர்ரே பதிப்பகத்துல இருந்து வந்தது. அதே மாசம், அதே பதிப்பகத்துல இருந்து டார்வினோட 'உயிரினங்களின் தோற்றம்' வந்ததுங்கிறது ஒரு வேடிக்கை. முதல் வருஷத்துலயே ஸ்மைல்ஸ் புத்தகம் 20,000 பிரதி போச்சு. 1904ல அவர் சாகும்போது ரெண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இன்னைக்கு அதைப் படிச்சா "வெற்றியின் 7 ரகசியங்கள்" மாதிரி எதுவும் கிடைக்காது. சாமான்களும் வேலையும்தான் கிடைக்கும். பெர்னார் பாலிஸின்னு 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மண்பாண்டக் கலைஞர் ஒருத்தர் கதை வருது. வெள்ளைப் பளபளப்புப் பூச்சு ஒண்ணைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கா அலைஞ்சவர். சூளைக்கு விறகு தீர்ந்துபோனப்ப மேஜை, நாற்காலி, வீட்டோட தரைப்பலகை வரைக்கும் உடைச்சுப் போட்டு எரிச்சார். ஊரும் வீடும் அவரைப் பைத்தியம்னு நினைச்சது.

இப்ப, இதைக் கேட்கிற உங்க மனசுல ஒரு சந்தேகம் வரும், வரணும். தரைப்பலகையை எரிச்சும் பூச்சு கிடைக்காம போன குயவர் எத்தனை பேர்? ஸ்மைல்ஸ்கிட்டேயும் அப்பவே கேட்டுட்டாங்க. தோத்தவங்களைப் பத்தி ஏன் எழுதலைன்னு. 1866 பதிப்போட முன்னுரையில அவரே இந்தக் கேள்வியை எடுத்துப் பதில் சொல்றார். எழுதக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல, ஆனா வெறும் தோல்விக் கதை மனசைச் சோர்வடைய வைக்கும், அதுல இருந்து கத்துக்கவும் பெருசா ஒண்ணும் இருக்காதுங்கிற மாதிரி. நேர்மையா கேள்வியைப் பதிவு பண்ணினவர், பதில்ல நழுவிட்டார்னுதான் நான் சொல்வேன். அந்த நழுவலோட விலையை அடுத்த நூறு வருஷம் நிறைய பேர் கட்டினாங்க. அதுக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி, புத்தகம் உண்மையிலேயே வேலை செஞ்ச ஒரு இடம்.

தச்சர் வீட்டுப் பையன்

நகமுரா மசனாவோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர், 1866ல மாணவர்களைக் கூட்டிக்கிட்டு லண்டன் போனார். ரெண்டு வருஷத்துல ஜப்பான்ல ஆட்சியே மாறிப்போக, திரும்ப வேண்டியதாச்சு. கிளம்பும்போது ஒரு ஆங்கிலேய நண்பர் கையில கொடுத்த புத்தகம் 'செல்ஃப் ஹெல்ப்'. அவர் செஞ்ச மொழிபெயர்ப்பு 1871ல வந்து ஜப்பானையே ஒரு கலக்குக் கலக்கிச்சு. சாமுராய் வீட்டுல பொறக்காதவன் எல்லாம் இனி என்ன ஆகலாம்னு நாடே யோசிச்சுக்கிட்டிருந்த நேரம் அது.

அதைப் படிச்சவங்கள்ல ஒருத்தர் சகிச்சி டொயோடா. 1867ல பொறந்தவர், கிராமத்துத் தச்சரோட மகன். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுல தறி நெய்வாங்க. ஸ்மைல்ஸ் புத்தகத்துல இங்கிலாந்து துணி மெஷின்களை உருவாக்கினவங்க கதைகள் நிறைய உண்டு. முடி திருத்திக்கிட்டிருந்த ஆர்க்ரைட் நூற்பு மெஷினுக்குப் போன கதை மாதிரி. சகிச்சி தச்சுவேலையை வெச்சுக்கிட்டுத் தறியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தார். 1891ல ஒரு மரக் கைத்தறிக்கு முதல் காப்புரிமை. 1924ல, நூல் அறுந்தா தானே நின்னுபோற தானியங்கித் தறி. 1929ல அந்தத் தறியோட உரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? இங்கிலாந்தோட ஓல்டம்ல இருந்த பிளாட் பிரதர்ஸ். உலகத்துக்கே துணி மெஷின் வித்த கம்பெனி. அதே காலத்துல சகிச்சியோட மகன் கீச்சிரோ கார் செய்யற ஆராய்ச்சியில இறங்கினார். டொயோட்டா கார் வந்த வழி அது.

தறி எப்படிச் செய்யறதுன்னு ஸ்மைல்ஸ் சகிச்சிக்குச் சொல்லித் தரல. உன்னை மாதிரி ஆட்கள் இதைச் செஞ்சிருக்காங்கன்னு மட்டும் சொன்னார். மீதி எல்லாம் தறிகிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டது.

அமெரிக்காவுல இது வியாபாரம் ஆச்சு

ஒரிசன் ஸ்வெட் மார்டென் அமெரிக்காவுல அப்பா அம்மா இல்லாம வளர்ந்த பையன். ஒரு வீட்டுப் பரண்ல ஸ்மைல்ஸ் புத்தகம் கிடைச்சது, அதுதான் தன்னைத் தூக்கி நிறுத்துச்சுன்னு பின்னாடி சொன்னார். ஹோட்டல் தொழில் செஞ்சு நொடிச்சுப்போனவர். 1897ல 'சக்சஸ்'னு பேரு வெச்சே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதுலதான் இன்னைக்கு நாம கேட்கிற பேட்டியோட வடிவம் முழுசா வந்துடுச்சு. பெரிய முதலாளி, அவரோட அறை, சின்ன வயசுக் கஷ்டம், முதல் சம்பளம், கடைசியில இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எடிசன், கார்னெகி, மார்ஷல் ஃபீல்ட், ராக்ஃபெல்லர் எல்லாரும் அதுல வந்தாங்க. 1901ல அந்தப் பேட்டிகளைத் தொகுத்து ஒரு புத்தகமும் போட்டார்.

பேட்டி எடுத்தது எல்லாம் மார்டென் இல்ல. காசுக்காக எழுதின இளம் பத்திரிகையாளர்கள் சிலர் இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் தியோடர் டிரைசர். தொகுப்புல அவர் பேரு கூட இல்ல. முதலாளிகளோட "கடுமையா உழை, சிக்கனமா இரு" எல்லாத்தையும் எழுதிக்கொடுத்துட்டு, வீட்டுக்குப் போய் அவர் எழுதின நாவல் 'சிஸ்டர் கேரி', 1900ல வந்தது. அதுல ஹர்ஸ்ட்வுட்னு ஒருத்தர். நல்லா உடுத்தி, நாலு பேருக்குத் தெரிஞ்சு, சிகாகோவுல ஒரு பெரிய மதுக்கூடத்தை நிர்வகிச்சவர். ஒரு தப்பு, அப்புறம் ஒரு சறுக்கல், கொஞ்சம் கொஞ்சமா நியூயார்க் தெருவுல பிச்சைக்கு நிக்கிற வரைக்கும் போய் முடியுது அவர் கதை. எந்த இடத்துல அவர் தோத்தார்னு படிக்கிறவங்களால ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. முதல் பதிப்பு 500 பிரதி கூட விக்கல.

ஸ்மைல்ஸ் சோர்வு தரும்னு சொல்லி விட்டுட்டுப் போனாரே, அந்தப் புத்தகத்தை எழுதினது ஜெயிச்சவங்களைப் பேட்டி எடுத்து அலுத்துப்போன ஒரு ஆள். எனக்கு இது தற்செயலாத் தோணல.

பேட்டிக்கு ஆவணத்தோட போன பெண்

இந்த எபிசோடை நான் பண்ணணும்னு நினைச்சதே இவங்களைப் பத்திச் சொல்லத்தான். ஐடா டார்பெல்.

1857ல பென்சில்வேனியாவுல பொறந்தவங்க. ரெண்டு வருஷத்துல அந்தப் பக்கம் பெட்ரோலியம் கிடைச்சு ஊரே மாறிப்போச்சு. அப்பா எண்ணெய் சேமிக்க மரத்தொட்டி செஞ்சு வித்தவர். 1872ல ஒரு திட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. சில சுத்திகரிப்பு ஆலைகளும் ரயில் கம்பெனிகளும் ரகசியமா ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. அந்த ஆலைகளுக்கு ரயில் கட்டணத்துல தள்ளுபடி உண்டு. அது மட்டும் இல்ல, போட்டியாளர்கள் அனுப்புற ஒவ்வொரு பீப்பாய்க்கும் ரயில் கம்பெனி வாங்குற காசுல ஒரு பங்கும் இவங்களுக்கு வரும். அதாவது உங்க எதிரி சரக்கு அனுப்பினா உங்க கல்லாவுல காசு விழும். அதுக்குப் பின்னாடி இருந்தவங்கள்ல முக்கியமானவர் ஜான் ராக்ஃபெல்லர். எண்ணெய் ஊர்க்காரங்க சண்டை போட்டு அந்தத் திட்டத்தை நிறுத்தினாங்க. ஆனா அடுத்த சில வருஷத்துல ராக்ஃபெல்லரோட ஸ்டாண்டர்ட் ஆயில் ஒவ்வொருத்தரா விழுங்கிடுச்சு. ஐடாவோட அப்பாவும் அடிபட்டவர்.

1902. 'சக்சஸ்' பத்திரிகை ராக்ஃபெல்லரோட சிக்கனத்தைப் புகழ்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மெக்ளூர்ஸ் பத்திரிகைக்காக டார்பெல் ஸ்டாண்டர்ட் ஆயில் வரலாற்றை எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. ராக்ஃபெல்லர் அவங்ககிட்ட கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. ஆனா கம்பெனியோட பெரிய தலைகள்ல ஒருத்தரான ஹென்றி ராஜர்ஸ் பேசத் தயாரா இருந்தார். நடுவுல இருந்து ஏற்பாடு பண்ணினது அவரோட நண்பர், எழுத்தாளர் மார்க் ட்வைன்.

முதல் சந்திப்புலயே ஒரு விஷயம் தெரிஞ்சது. ராஜர்ஸும் இளம் வயசுல அதே எண்ணெய்ப் பகுதியில சின்ன ஆலை நடத்தினவர். டார்பெல் குடும்பம் இருந்த ஊரு. ரெண்டு பேரும் அந்த மலைச்சரிவைப் பத்தி உட்கார்ந்து பேசியிருக்காங்க. ஊர்க்காரங்க பேச ஆரம்பிச்சா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். அவர் கண்ணியமானவர், கலகலப்பானவர், அவங்களுக்கு அவரைப் பிடிச்சும் போச்சு. இங்கேதான் பல பேட்டிகள் செத்துப்போகும். விருந்தினரைப் பிடிச்சுப்போனதும் கேள்வி மென்மையாயிடும். எனக்கும் இது நடக்கிற விஷயம்தான், எந்தத் தொகுப்பாளருக்கும் நடக்கும்.

டார்பெல் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. நான் ஒவ்வொரு சம்பவத்தையும் ஆவணத்தோட எடுத்துட்டு வருவேன், உங்க பக்க விளக்கத்தையும் காகிதங்களையும் நீங்க கொடுங்க, ஆனா எது சரின்னு முடிவு பண்றது நான். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் நியூயார்க்ல 26 பிராட்வே கட்டடத்துக்குப் போய் வந்தாங்க. ஒரு வழியா உள்ளே கூட்டிட்டுப் போய் வேற வழியா வெளியே அனுப்புவாங்களாம், வேற யார் கண்ணுலயும் படாம. கையில இருந்தது என்ன? நீதிமன்ற சாட்சியங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள். "உங்க வெற்றிக்குக் காரணம் என்ன"ன்னு கேட்கல. இந்த வருஷம், இந்த ரயில் பாதை, இந்தக் கட்டணம், இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க.

அப்புறம் அந்தப் பையன் கதை. ஸ்டாண்டர்ட் ஆயில் ஆபீஸ் ஒண்ணுல ஒரு சின்னப் பையனுக்கு மாசாமாசம் பழைய காகிதங்களை எரிக்கிற வேலை. ஒரு ராத்திரி எரிக்கப்போற காகிதத்துல தெரிஞ்ச பேரு ஒண்ணு கண்ணுல பட்டுது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவனுக்குப் பாடம் சொல்லித்தர்றவர். அவர் சொந்தமா எண்ணெய்த் தொழில் செஞ்சுக்கிட்டிருந்தவர். அவரோட சரக்கு எங்க போகுது, எவ்வளவு போகுதுங்கிற தகவல் ரயில்வே குமாஸ்தாக்கள்கிட்ட இருந்து ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு வந்துக்கிட்டிருந்தது. பையன் காகிதங்களை எரிக்காம அவர்கிட்ட கொடுத்துட்டான். அது கடைசியில டார்பெல் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

இந்த மாதிரி உளவு நடக்குதான்னு அவங்க ஏற்கெனவே ராஜர்ஸ்கிட்ட பொதுவாக் கேட்டிருந்தாங்க. போட்டியாளர்களைக் கவனிக்கிறது எல்லாரும் செய்யறதுதான், அப்படி ஒரு ஏற்பாடு எல்லாம் கிடையாதுன்னு சிரிச்ச முகத்தோட மறுத்துட்டார். பேட்டி மட்டும் இருந்திருந்தா அந்தப் பதில்தான் வரலாறா ஆகியிருக்கும். காகிதங்கள் அச்சுல வந்த பிறகு அவங்க போனப்ப ராஜர்ஸ் கோபத்துல வெளுத்துப்போய் இருந்தார், இது உனக்கு எங்க கிடைச்சதுன்னு கேட்டார். அதோட அந்தப் பேச்சுவார்த்தை முடிஞ்சது. தொடர் 1904 வரைக்கும் வந்தது. 1911ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைச்சு 34 கம்பெனி ஆக்க வெச்சது.

டார்பெல்லுக்குச் சொந்தக் கோபம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ராக்ஃபெல்லரோட நிர்வாகத் திறமையை, செலவுக் கணக்கைப் பார்த்த கூர்மையை அவங்க குறைச்சு எழுதல. சொல்லப்போனா, அவரோட தொழில் எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்க விரும்புற ஒரு இளைஞருக்கு, 'சக்சஸ்' பேட்டியை விட அவரை எதிர்த்து எழுதின இந்தப் புத்தகத்துலதான் அதிகம் கிடைக்கும்.

நேர் எதிர்ப்பக்கம் ஒருத்தர் இருக்கார், அவர் பேரு உங்க எல்லாருக்கும் தெரியும். நெப்போலியன் ஹில். 1908ல ஆண்ட்ரூ கார்னெகியை நேர்ல பார்த்ததாகவும், அவர் தூண்டுதல்ல இருபது வருஷம் 500க்கு மேற்பட்ட பெரிய மனிதர்களை ஆராய்ஞ்சதாகவும் ஹில் சொன்னார். அந்த அஸ்திவாரத்து மேலதான் 1937ல வந்த 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' நிக்குது. கார்னெகி 1919லயே இறந்துட்டார், மறுக்க ஆள் இல்ல. கார்னெகியோட விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுதின டேவிட் நசா, ரெண்டு பேரும் சந்திச்சதுக்கு ஒரு ஆதாரமும் தனக்குக் கிடைக்கலைன்னு சொல்லியிருக்கார். நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில இன்னைக்கும் அது தமிழ்லயே கிடைக்குது. டார்பெல் புத்தகத்தை அங்க நான் பார்த்ததில்ல.

வேலை போனவங்க

1937ங்கிறது அமெரிக்காவுல எந்த நேரம்? பெருமந்தம். கோடிக்கணக்கான பேருக்கு வேலை போன வருஷங்கள். அந்த நேரத்துல "நினை, பணக்காரன் ஆவாய்"னு சொன்னா, ஆகாதவன் என்ன முடிவுக்கு வருவான்?

அந்தப் பதிலைப் பல வருஷம் கழிச்சு டேப் ரெக்கார்டரோட போய்ப் பதிவு பண்ணினவர் ஸ்டட்ஸ் டெர்கல். சிகாகோ ரேடியோக்காரர், 45 வருஷம் ஒரே நிலையத்துல தினமும் யாரையாவது பேட்டி கண்டவர். சின்ன வயசுல அவங்க அப்பா அம்மா தங்கும் விடுதி நடத்தினாங்க. வேலை தேடி வர்றவங்க, வேலை போனவங்க எல்லாம் வரவேற்பறையில உட்கார்ந்து வாதம் பண்றதைக் கேட்டு வளர்ந்தார். 1970ல வந்த 'ஹார்ட் டைம்ஸ்' முழுக்கப் பெருமந்தத்தைப் பத்தின குரல்கள். அதுல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் வெட்கம். நாடு முழுக்க ஆலைகள் மூடியிருக்கு, வங்கிகள் திவால், ஆனாலும் அந்த மனுஷன் தன் சமையலறையில உட்கார்ந்து, தப்பு என்கிட்டதான்னு நினைக்கிறான். ஸ்மைல்ஸ் 1866ல நழுவின பதிலோட விலைன்னு சொன்னேனே, இதுதான்.

டெர்கலுக்கு மெஷினே சரியா ஓட்ட வராதாம். பட்டனை மாத்தி அழுத்திட்டு முழிப்பார், எதிர்ல இருக்கிறவங்க எழுந்து வந்து சரிபண்ணித் தருவாங்க. அதுக்கு அப்புறம் அவங்களுக்கு அவர்கிட்ட பயம் போயிடும். 1974ல 'வொர்க்கிங்' வந்தது. ஓட்டல் பணிப்பெண், இரும்பாலைத் தொழிலாளி, டெலிபோன் ஆபரேட்டர்னு நூத்துக்கும் மேற்பட்ட பேர், நாள் முழுக்க நீங்க என்ன செய்யறீங்கங்கிற கேள்விக்குப் பதில் சொல்றாங்க. ஒவ்வொருத்தரும் அவங்க வேலையில நிபுணர்னு அதைப் படிக்கும்போதுதான் புரியுது.

சிறையில ஒரு மொழிபெயர்ப்பாளர்

கடைசியா நம்ம கரைக்கு வர்றேன். இந்தக் கதைக்கும் தூத்துக்குடிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகுது. தூத்துக்குடி–கொழும்பு வழியில பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் அதுவரை ராஜா. புதுக் கம்பெனியோட மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். உதவிச் செயலாளர், ஆனா ஓடியாடிப் பணம் திரட்டின ஆள், வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1907ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து சேர்ந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டுச்சு. சும்மாவே ஏத்திட்டுப் போறோம், கூட ஒரு குடையும் தர்றோம்னு சொன்னதா ஊர்ல இன்னைக்கும் சொல்வாங்க. 1908 மார்ச்ல வ.உ.சி. கைது. ஜூலையில 40 வருஷத் தண்டனை, மேல்முறையீட்டுல குறைஞ்சது. கோயம்புத்தூர்ல செக்கிழுத்தார், பிறகு கண்ணனூர் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே 1911ல கம்பெனி கலைக்கப்பட்டது.

சிறையில இருந்த அந்த வருஷங்கள்ல அவர் தமிழாக்கினது ஜேம்ஸ் ஆலன்ங்கிற ஆங்கிலேயர் 1903ல எழுதின ஒரு சின்ன நூலை. ஸ்மைல்ஸ் இருக்கிற அதே அலமாரியில வைக்கிற வகை, கொஞ்சம் ஆன்மிகப் பக்கம் சாய்ஞ்சது. மனசு எப்படியோ வாழ்க்கை அப்படிங்கிறது அதோட சாரம். வ.உ.சி. வெச்ச பேரு 'மனம்போல வாழ்வு'. கப்பலும் போய், கையில விலங்கும் விழுந்த ஒரு தொழில்முனைவோர், சூழ்நிலை எல்லாம் மனசுல இருந்து முளைக்குதுன்னு சொல்ற புத்தகத்தை உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார். நான் இதைக் கிண்டலாச் சொல்லல. குறளுக்கு உரை எழுதினவர் அவர். ஆலன்கிட்ட அவர் வெற்றி சூத்திரம் தேடலைன்னுதான் நினைக்கிறேன், அந்த அறைக்குள்ள நிமிர்ந்து உட்கார ஒரு வழி தேடியிருக்கார்.

1912 டிசம்பர்ல விடுதலை. வக்கீல் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில வறுமை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்குன்னு திரட்டி காந்திகிட்ட கொடுத்த பணம், 347 ரூபாய் சொச்சம், கைக்கு வர 1916 ஆச்சு. அதுக்காக ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கடிதங்கள் இருக்கு. படிச்சா மனசு கனக்கும். தன் வரலாற்றைச் செய்யுளா எழுதினார், அது அவர் இறந்த பிறகுதான் முழுசா வெளியே வந்தது. 1936ல காலமானார்.

'சக்சஸ்' பத்திரிகை அவரைக் கூப்பிட்டிருக்காது. 500 பேர் பட்டியல்ல இடம் இருந்திருக்காது. நாங்க இந்த ஸ்டூடியோவுக்கு அவரைக் கூப்பிட முடிஞ்சிருந்தா, தேசபக்தியைப் பத்தியும் விடாமுயற்சியைப் பத்தியும் கேட்டே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்போமோன்னு எனக்குப் பயம். இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது வேற ஒரு பட்டியல் எழுதினேன். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைச்ச வாரம் உங்க கப்பல்ல எத்தனை டிக்கெட் போச்சு? காலியாவுக்கு முதல் தவணை கட்டின அன்னைக்குக் கம்பெனி கையில ரொக்கம் எவ்வளவு இருந்தது? நிலக்கரி யார் கொடுத்தாங்க, கடனுக்கா காசுக்கா? நீங்க உள்ளே போன பிறகு நடந்த டைரக்டர்கள் கூட்டத்துல யார் எழுந்து என்ன சொன்னாங்க? 25 ரூபாய் பங்கு வாங்கின வியாபாரி ஒருத்தர், 1912க்கு அப்புறம் உங்களைத் தெருவுல பார்த்தப்போ நின்னு பேசினாரா?